'ஏதோ ஓடுது' என்ற பதிலுக்குப் பின்னால்

இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில் தெரிந்தவர் ஒருவரை டவுனிலோ பஸ் ஸ்டாண்டிலோ கண்டு "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில் ஒன்றுதான்: "ஏதோ ஓடுது." கொஞ்சம் நெருங்கியவர் என்றால் "சமாளிச்சுக்கிட்டு இருக்கோம்" என்பார். நானும் பல வருடங்கள் அப்படித்தான் சொல்லிவந்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. மழை, கடன், பிள்ளையின் படிப்பு, அம்மாவின் மருந்து என்று எல்லாவற்றையும் தாண்டி ஒரு மாதம் முடிகிறதே, அது பெரிய காரியம்தான். ஆனால் அந்தச் சொல்லை ஒருமுறை நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். 'ஓடுது' என்பதற்கு எழுவாய் நாம் இல்லை. ஏதோ ஒன்று ஓடுகிறது. அதில் நாம் எங்கே இருக்கிறோம் என்று அந்தப் பதில் சொல்வதில்லை.

அதே வாயால் இன்னொரு சொல்லும் சொல்வோம். "அந்தப் பையனுக்கு வாழ்க்கையில ஒரு பிடிப்பே இல்ல" என்று. சம்பளம் வரும், சாப்பாடு இருக்கும், நோய்நொடி இருக்காது. இருந்தும் பிடிப்பு இல்லை என்போம். மலையில் கொழுந்து எடுத்தவர்களுக்கு இந்தச் சொல் கையில் தொட்டுப் பழகியது. மழையில் வழுக்கும் சரிவில் முதுகுச் சுமையோடு ஏறும்போது தேயிலைத் தூரைப் பிடித்துத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். விழாமல் நிற்பது சமாளிப்பு. மேலே ஏறப் பிடித்துக்கொள்ள ஒன்று இருப்பது பிடிப்பு. இரண்டும் ஒன்றல்ல என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

உளவியல் இந்த வித்தியாசத்துக்குத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மனநலம் என்றால் மனநோய் இல்லாதிருப்பது என்றே எடுத்துக்கொண்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் 1948 ஏப்ரல் 7இல் நடைமுறைக்கு வந்தபோதே, நோய் இல்லாதிருப்பது மட்டும் சுகம் ஆகாது, உடலும் மனமும் சமூக வாழ்வும் நன்றாக இருப்பதே சுகம் என்று அதில் எழுதியிருந்தார்கள். எழுதியதோடு சரி, ஆராய்ச்சி நெடுங்காலம் நோயின் பக்கமே நின்றது. 2002இலும் அடுத்து வந்த வருடங்களிலும் கோரி கீஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் அதை வேறு மாதிரி விளக்கினார். ஒரே கோட்டின் ஒரு முனையில் நோயையும் மறு முனையில் நலத்தையும் வைப்பது தப்பு, அவை இரண்டு தனித்தனிக் கோடுகள் என்றார். ஒருவருக்கு மனநோய் எதுவும் இல்லாமலே வாழ்க்கை வெறிச்சோடிக் கிடக்கலாம். நோய்க்கு மருந்து எடுக்கிற இன்னொருவர் அன்பும் அர்த்தமுமாக வாழலாம். முதலாமவரை வாடுகிறவர் என்றும், நலம் நிறைந்தவரைத் தழைக்கிறவர் என்றும் சொல்லும்படியான பெயர்களை அவர் வைத்தார். செடியோடு வாழ்கிறவர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. பட்டுப்போன செடி வேறு, உயிரோடு இருந்தும் துளிர்விடாமல் நிற்கிற செடி வேறு.

அந்த 1948ஐ நாங்கள் வேறு ஒரு காரணத்துக்காகவும் மறக்க முடியாது. சுகத்துக்கு உலகம் அவ்வளவு அகலமான அர்த்தம் சொன்ன அதே வருடம் நவம்பரில் இலங்கையின் பிரஜாவுரிமைச் சட்டம் அமுலுக்கு வந்தது. தோட்டங்களில் உழைத்துக்கொண்டிருந்த இந்திய வம்சாவளித் தமிழர் சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்துகொண்ட ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரண்டு நாடுகளும் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொண்டன. நாடற்ற நிலையை முடித்துவைக்கும் சட்டம் வரும்போது 2003 ஆகிவிட்டது.

இந்த எண்களைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பதுளைப் பக்கம் இருந்த என் தாத்தா, அம்மாவின் அப்பா, லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, பின்னால் ஒரு பலாக்கன்று வைக்க மாட்டேன் என்றே இருந்தாராம். "காய்க்கிறப்ப நாம எங்க இருப்பமோ" என்பாராம். கீரை போடுவார், போஞ்சி போடுவார். மூன்று மாதத்தில் கைக்கு வருவதை மட்டும் நடுவார். ஒரு மனிதன் நோக்கம் இல்லாமல் வாழ்கிறான் என்றால் அது அவனுடைய மனதின் குறை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். தாத்தாவுக்கு மனதில் குறை இல்லை. அவருக்கு நாளை என்ற ஒன்றையே யாரும் உறுதி சொல்லவில்லை. இருந்த காம்பரா, அந்த ஒற்றை அறை, 10 அடிக்கு 12 அடி, அதுவும் தோட்டத்துடையது. காலையில் எப்போது எழும்ப வேண்டும் என்பதை, வேலைக்கு ஆள் கூட்ட அடிக்கிற பெரட்டுத் தப்பு என்ற பறை சொன்னது. எந்த நாட்டில் சாக வேண்டும் என்பதைக் கொழும்பும் டெல்லியும் பேசி முடிவெடுத்தன. அந்த நிலையில் ஒரு சமூகம் சமாளிப்பதையே பெரிய திறமையாக வளர்த்துக்கொண்டது. பிழைக்க அது தேவைப்பட்டது.

இன்றும் தேவைப்படுகிறது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தயில் மண் சரிந்து லயங்களை மூடியபோதும், 2022 பொருளாதார நெருக்கடியில் மாவும் மண்ணெண்ணெயும் கிடைக்காதபோதும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைகளை உடைத்துக்கொண்டு வந்தபோதும் சமாளிக்கத் தெரிந்ததால்தான் மிஞ்சியவர்கள் மிஞ்சினார்கள். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. என் கவலை வேறு. "தோட்டத்துச் சனம் எதையும் தாங்கும்" என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் பாராட்டும்போது எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்கிறது. தாங்குவார்கள் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். நாமும் நம்மை அப்படியே பார்க்கப் பழகிவிட்டால், சந்தோசத்தைப் பிரச்சினை எல்லாம் தீர்ந்த பிறகு கிடைக்கிற ஒன்று என்று ஒத்திப்போட்டுக்கொண்டே போவோம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மனதில் மகிழ்ச்சியைக் கண்டுபிடி என்ற பேச்சு, சம்பளம் கொடுக்க வேண்டியவர்களுக்கு மிகவும் வசதியான பேச்சு. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அதற்காக எத்தனை வருடம் எத்தனை பேர் வீதியில் நின்றார்கள் என்று எங்களுக்குத் தெரியும். பூச்செடி வளர்ப்பதால் அந்தக் கணக்குத் தீராது. நான் சொல்ல வருவது அதன் மறுபக்கம். கூலியும் காணியும் வீடும் கேட்கிற அதே உரிமையோடு, மனம் நிறைந்து வாழ நேரமும் இடமும் கேட்க வேண்டும். கிடைக்கும்வரை காத்திருக்காமல், இருக்கிற கொஞ்சத்தில் அதை வளர்க்கவும் வேண்டும். எங்கள் பெரியவர்கள் அப்படி வளர்த்தார்கள், பெயர் வைக்காமலே.

என் அம்மா 31 வருடம் கொழுந்து எடுத்தவர். எங்கள் காம்பராவின் இஸ்தோப்பு (வாசல் திண்ணை) ஓரமாக எப்போதும் ஒன்பது பத்துப் பால்மா டின்கள் வரிசையாக இருக்கும். அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மாட்டெரு கலந்த மண் நிரப்பி, டேலியா, ரோஜா, பெயர் தெரியாத ஊதாப்பூ ஒன்று எல்லாம் வைத்திருப்பார். சின்ன வயதில் எனக்கு அந்த டின்கள்மேல் கோபம் வரும். மலையிலிருந்து தண்ணீர் விழுகிற பீலியில் பிடித்து வருவது நான். அதில் ஒரு செம்பு பூவுக்குப் போய்விடும். அந்தப் பூவை விற்க முடியாது, சமைக்க முடியாது. சாமி படத்துக்குக்கூட எல்லாவற்றையும் பறிக்க விடமாட்டார். நான் பெரியவனாகி அம்மாவின் நாளை மணிக்கணக்கில் எண்ணிப் பார்த்தபோதுதான் புரிந்தது. வேலையை மேற்பார்க்கிற கங்காணி பார்க்காத, தராசு நிறுக்காத, எங்கள் வயிற்றுக்கும் போகாத ஒரே வேலை அவருக்கு அதுதான். எந்தச் செடி, எந்த டின், எப்போது கிளை வெட்டுவது என்று எல்லாம் அவர் ஒருத்தியின் தீர்மானம். 2022இல் பால்மா வாங்க வழியில்லாமல் புது டின் கிடைக்காமல் போனபோது, சோடாப் போத்தலைப் பாதியாக வெட்டிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். அரிசிக்கு அலைந்த அதே வாரம் அது.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற இரண்டு உளவியலாளர்கள் மனித மனதுக்கு அடிப்படையான மூன்று தேவைகளைச் சொன்னார்கள். தானாகத் தீர்மானிக்க ஏதாவது இருக்க வேண்டும். ஒன்றைச் செய்யச் செய்யக் கை தேற வேண்டும். மனிதர்களோடு ஒட்டு இருக்க வேண்டும். வசதியானவர்களுக்கு மட்டும் உரிய ஆசைகளாக அவர்கள் இவற்றைச் சொல்லவில்லை. எல்லோருக்கும் உள்ள பசி என்றே சொன்னார்கள். அம்மாவின் டின்களில் மூன்றும் இருந்தன. "அக்கா, அந்த செவப்பு டேலியால ஒரு கெழங்கு குடுங்க" என்று மேல் லயத்திலிருந்து வருவார்கள். பதிலுக்கு ஒரு ரோஜாக் கிளை வரும். அப்படி வந்து நின்று பேசிய பேச்சில்தான் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்ற செய்தியும் தெரிந்தது. பயமும் கவலையும் மனதை ஒரே புள்ளியில் குவிக்கும், மகிழ்ச்சி அதை விரிக்கும், விரிந்த மனம் சேர்த்துவைக்கிற உறவும் திறமையும் பிறகு வரும் கெட்ட காலத்துக்கு உதவும் என்று பார்பரா ஃபிரெட்ரிக்சன் 1998இலிருந்து எழுதிவருகிறார். லயத்தில் அது இப்படித்தான் நடந்தது. ஆக, கஷ்டத்தைச் சமாளிக்கிற பலமே சந்தோசத்திலிருந்து ஒரு பங்கு வருகிறது. சந்தோசத்தைக் கடைசிக்கு ஒத்திவைக்கிறவர்கள் அந்தப் பங்கை இழக்கிறார்கள்.

இதையே ஒரு தோட்டம் முழுவதும் சேர்ந்து செய்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க மாசி மாதம் வர வேண்டும். காமன் கூத்துக்குக் கம்பம் நட்டாயிற்று என்றால் தோட்டத்தின் நடையே மாறிவிடும். ரதியும் மதனும் கல்யாணம் கட்டி, சிவனுடைய கோபத்தில் மதன் எரிந்து, ரதி அழுது புலம்புகிற கதை எல்லோருக்கும் மனப்பாடம். முடிவு தெரியாதவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் பனியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு விடியவிடிய உட்கார்ந்து அழுவார்கள். பகலில் தேயிலையைக் கவ்வாத்து வெட்டக் கத்தி பிடித்தவர் இரவில் எமன். மருந்து அடிக்கிறவர் வீரபத்திரன். அந்த வேசத்தை அப்பாவிடமிருந்து வாங்கியவர் பலர். ஒரு அடவு பிசகினால் கூட்டத்தில் உள்ள கிழவர் ஒருவர் சத்தம் போட்டுத் திருத்துவார். அந்தத் திருத்தலை நான் மிகவும் மதிக்கிறேன். பல தலைமுறையாக ஒரு தோட்டத் தொழிலாளியின் வேலையைத் திருத்தியவர்கள் எல்லோரும் அவனுக்கு மேலே இருந்தவர்கள். இங்கே மட்டும்தான் அவனை அவனுடைய ஆட்களே, அவனுடைய கலையின் அளவுகோலால் அளக்கிறார்கள்.

அந்தத் தப்புப் பறையை எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் வேலைக்கு வா என்று விரட்டிய அதே தோல், அதே குச்சி. இரவில் ஆட்டத்துக்கு அழைக்கிறது. யார் அடிக்கிறார்கள், யாருக்காக அடிக்கிறார்கள் என்பது மாறியதும் ஓசையின் பொருளே மாறிவிடுகிறது. வேலைக்குள்ளேயும் இதைச் செய்து பார்த்தார்கள் நம் முன்னோர்கள். கவ்வாத்துத் தொடங்கும் முன் கவ்வாத்துச் சாமிக்குப் படையல் போட்டார்கள். தொழிற்சாலை இயந்திரத்துக்கு ரோதமுனி என்று ஒரு காவல் தெய்வத்தை வைத்தார்கள். வெள்ளைக்காரன் கொண்டுவந்து நிறுத்திய சக்கரத்தைத் தங்கள் சாமியின் பொறுப்பில் கொண்டுவந்துவிட்டார்கள். அர்த்தம் என்பது தானாகக் கிடைப்பதில்லை, மனிதர்கள் கூடி உண்டாக்குவது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஆனால் ஒரு நியாயமான கேள்வி உண்டு. கூத்து நடக்கிற இரவில் எத்தனை பெண்கள் முழுதாக உட்கார்ந்து பார்க்கிறார்கள்? எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றுகிறவர்கள் யார்? கொழுந்து எடுக்கிற பெண்ணின் நாள் விடியற்காலை நாலு மணிக்கு அடுப்படியில் தொடங்குகிறது. பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் விட்டு, மலைக்கு ஏறி, பல தோட்டங்களில் 18 கிலோவாக இருக்கிற 'பேர்' என்ற நாளளவுக்குக் குறையாமல் எடுத்து, அந்தி நிறுவை முடிந்து வந்து, மறுபடி விறகும் தண்ணீரும் சோறும். ஆண்களின் வேலை பல இடங்களில் மத்தியானத்தோடு முடிந்துவிடும். இந்த மணிக்கணக்கை யாரும் கூத்தின் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு வீட்டில் மகிழ்ச்சி இல்லை என்று பேசத் தொடங்கும் முன் அந்த வீட்டில் யாருக்கு ஓய்வு இல்லை என்று பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மகனும் கணவனும் அந்தியில் ஒரு மணி நேர வேலையை எடுத்துக்கொண்டால், அந்தப் பெண்ணுக்கு அது எந்த அறிவுரையையும்விடப் பெரிய வைத்தியம். இப்போது அவர்களுக்கு என்று இருப்பது பத்து மணித் தேத்தண்ணி நேரம்தான். தேயிலை நிரையின் ஓரத்தில், இடுப்பில் கட்டும் படங்கை உதறி உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்துப் பங்கு வைத்து, சாயத்தண்ணியோடு சிரிக்கிற அந்தக் கொஞ்ச நேரச் சிரிப்பு மலைக்குக் கீழே ரோட்டுவரை கேட்கும்.

இன்னொன்று, இதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கம்தான். மலையகத்தில் "உனக்கு என்ன நோக்கம்?" என்று கேட்டால் தாய்தகப்பன் எல்லோரும் ஒரே பதில் சொல்வார்கள்: "நாம பட்ட கஷ்டத்த புள்ள படக்கூடாது." இந்த ஒரு வாக்கியம் செய்த காரியத்தை எண்ணி முடியாது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கிய 1970களுக்குப் பிறகு, ஒரே காம்பராவில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளைகள் பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரிக்குப் போய் ஆசிரியர்களாகித் திரும்பினார்கள். பல்கலைக்கழகம் போனார்கள். நானும் அந்த வாக்கியத்தின் பிள்ளை. ஆனால் ஒருவருடைய முழுப் பிடிப்பும் இன்னொருவரின் வாழ்க்கையில் இருந்தால் இரண்டு பேருக்கும் பாரம். பிள்ளை கொழும்புக் கடைக்கோ வெளிநாட்டுக்கோ போனதும் வீடு வெறுமையாகிவிடுகிறது. பிள்ளைக்கோ, நான் சந்தோசமாக இல்லாவிட்டால் அப்பா அம்மா பட்டதெல்லாம் வீண் என்ற பயம். பரீட்சையில் தவறியதை வீட்டில் சொல்ல முடியாமல் தவித்த பிள்ளைகளை நான் வகுப்பறையில் கண்டிருக்கிறேன். "அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?" என்று ஒருமுறை எழுதச் சொன்னேன். நிறையப் பேர் "நான் படிப்பது" என்று எழுதினார்கள். ஒரு பிள்ளை மட்டும் "மழை நேரம் அவிச்ச மரவள்ளிக்கிழங்கும் கொச்சிக்காய்ச் சம்பலும்" என்று எழுதியிருந்தது. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

குடியைப் பற்றியும் ஃபோனைப் பற்றியும் நீளமாகப் பேச விருப்பமில்லை. களைப்பும் வெறுமையும் உள்ள இடத்தில் அவை நுழைவது இயல்பு. வைதால் போகாது. அந்த இடத்தில் வேறு ஏதாவது குடியிருக்க வேண்டும். தரிசாகக் கிடந்த ஒரு துண்டு நிலத்தைச் சமப்படுத்திக் கைப்பந்து வலை கட்டிய தோட்டத்தில் அந்தி ஐந்து மணிக்கு இளைஞர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? மனம் சரியானதும் செய்வோம் என்று நாம் நினைக்கிறோம். மனச்சோர்வுக்கான சிகிச்சையில் 1970களிலிருந்து வளர்ந்துவந்த ஒரு முறை இதைத் தலைகீழாகப் பார்க்கிறது. முதலில் கை அசைய வேண்டும், மனம் பின்னால் வரும். பிடித்தமான, அல்லது முன்பு பிடித்திருந்த ஒரு சின்ன வேலையை, நாளும் நேரமும் குறித்து, மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்யச் சொல்வார்கள். முதல் வாரம் ஒன்றும் தெரியாது. அதற்குப் பயந்து விடக்கூடாது. தனியாகச் செய்வதைவிட இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டால் நிலைக்கும், ஏனென்றால் நமக்காக எழும்பாத அன்றும் அவருக்காக எழும்புவோம். இதோடு ஒன்று: இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம், பசி, ஆசை எல்லாம் விட்டுப்போய், வாழவே வேண்டாம் போல இருந்தால் அது மன உறுதி இல்லாததால் வருவதல்ல. அது நோய். ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குப் போகலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். காய்ச்சலுக்குப் போவதைப் போலத்தான்.

எங்கள் லயத்தில் ஒரு அத்தை இருக்கிறார். தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதிந்த நாளிலிருந்து மலையைத் தவிர வேறு ஒன்றும் அறியாதவர். வேலையிலிருந்து நின்ற வருடம் மிகவும் ஒடிந்துபோனார். "நாலு மணிக்கு முழிப்பு வந்துருது தம்பி, போறதுக்கு மலை இல்ல" என்றார். அந்த வாக்கியத்தை என்னால் மறக்க முடியவில்லை. அவருக்குக் கும்மிப் பாட்டும் தாலாட்டும் நிறையத் தெரியும். நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கும்போது அவருடைய அம்மா பாடியவை. மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை அந்தக் காலத்திலேயே இப்படியான பாடல்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் கைக்கு வராமல் போனவை இன்னும் இப்படிக் கிழவிகளின் தொண்டையில் கிடக்கின்றன. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் பள்ளிக்கூடத் தமிழ்த்தினப் போட்டிக்கு ஒரு பாட்டுக் கேட்டு வந்தார்கள். அப்படித்தான் ஆரம்பித்தது. இப்போது சனிக்கிழமை அந்தியில் அவருடைய இஸ்தோப்பில் ஏழெட்டுப் பிள்ளைகள். ஒரு பிள்ளை ஃபோனில் பதிவு செய்கிறது, இன்னொன்று கொப்பியில் எழுதுகிறது. சொல் பிசகினால் அத்தை விடமாட்டார், முதலிலிருந்து பாட வைப்பார்.

போன வாரம் கோயிலடியில் கண்டு, "எப்படி இருக்கீங்க அத்தை?" என்று கேட்டேன். பதிலே சொல்லவில்லை. "சனிக்கிழம ஒன் மகள அனுப்பி விடு, கும்மிக்கு ஆள் பத்தல" என்றார்.